வேலை போனால் காப்பீடும் போய்விடுமா?

கேள்வி: கணவருக்கு வேலை போய்விட்டது. கம்பெனி மருத்துவக் காப்பீடு இந்த மாதத்தோடு முடிகிறது. புதிதாகச் சேர, வருடாந்திரச் சேர்க்கை தொடங்கும் நவம்பர் வரை காத்திருக்க வேண்டுமா?
– வாசகி, சான் ஹோசே, கலிபோர்னியா

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. காப்பீடு போன 60 நாளுக்குள், எந்த மாதமானாலும், மாநில அரசின் காப்பீட்டுச் சந்தையான ‘கவர்டு கலிபோர்னியா’ தளத்தில் ஒரு திட்டத்தில் சேரலாம். 60 நாள் இருக்கிறதே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். திட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதிதான் பாதுகாப்பு தொடங்கும். இந்த மாதமே முடித்து முதல் பிரீமியத்தையும் கட்டிவிட்டால் ஒரு நாள்கூட இடைவெளி விழாது. குழந்தைக்குக் காய்ச்சல் தேதி பார்த்தா வரும்?

அப்புறம், வருமானம் கேட்கும் இடத்தில் பழைய சம்பளத்தைப் போடாதீர்கள். இந்த வருடம் முழுவதற்கும் வரக்கூடியதைக் கணக்கிட்டுப் போடுங்கள். பிரீமியத்துக்கான அரசு மானியம் அதை வைத்துத்தான். வருமான வரம்புக்குள் வந்தால் ‘சில்வர்’ என்ற நடுநிலைத் திட்டத்தையே பாருங்கள், அதில்தான் டாக்டர் கட்டணமும் குறையும்.