இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா பழையபடி காபித் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்க முடியுமா?

முடியும். ஏற்காட்டில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 60 வயது என்கிறீர்கள். எனக்கு 57 வயதில் வலது இடுப்பில் செய்தார்கள். தொடை எலும்பின் பந்து முனைக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பே நொறுங்கிப் போயிருந்தது.

மறுநாளே வாக்கரைக் கொடுத்து நடக்க விட்டார்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "மூணு மாசம் அசையாம படுத்துக்க" என்பார்கள், கேட்க வேண்டாம். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம்.

எனக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்ததால் முதல் 3 மாதம் கட்டுப்பாடு. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. மீறினால் மூட்டு நழுவிவிடலாம். நம் வீடுகளில் அரிவாள்மனை, கோலம், பந்தி என்று பாதி வாழ்க்கை தரையில்தானே? அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் உயரமான நாற்காலியும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் தயாராக இருக்கட்டும்.

எனக்கு 6வது வாரத்தில் வலி சுத்தமாக இல்லை. கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டேன். ஆனால் நடை சாய்ந்தது. பிசியோதெரபிக்கு வந்த பெண் என்னைக் கண்ணாடி முன்னால் வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னாள். இடது பக்க இடுப்பு சரிந்து இறங்கியது. "பாருங்கம்மா, வலி போனது மூட்டு மாத்துனதால. சாயறது சதை இளைச்சதால. அதுக்கு மாத்திரை கிடையாதுங்க" என்றாள். அன்றிலிருந்து சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவேன், குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை. சாய்வு முழுக்கப் போக 7 மாதம் ஆனது. வலி போனதும் நிறைய பேர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

சரிவுக்கு வருகிறேன். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால், தடி எதிர்ப்பக்கக் கையில். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். மழை பெய்த மண்ணில் இன்னும் மோசம். அதனால் முதலில் தார் ரோட்டில் பழகட்டும். நான் சேலத்தில் மூக்கனேரிக் கரையில் பல மாதம் நடந்த பிறகுதான் மலைக்குப் போனேன்.

14வது மாதம், 20 கொண்டை ஊசி வளைவும் காரில் ஏறி, உங்கள் ஏற்காட்டுச் சேர்வராயன் கோவிலுக்குப் போனேன். அந்தக் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தேன். விழுந்த குங்குமப் பொட்டலத்தை எடுக்க, ஆபரேஷன் காலைப் பின்னால் நீட்டி, நல்ல காலில் பாரம் போட்டுக் குனிந்தேன். எழுந்தபோது கண் கலங்கிவிட்டது.

காபிப் பழம் பறிக்கக் கூடையை இடுப்பில் கட்டுவது, குந்தி உட்கார்ந்து களை எடுப்பது இரண்டையும் சர்ஜனிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். எந்தப் பக்கம் திறந்து செய்யப் போகிறார் என்றும் கேளுங்கள், கட்டுப்பாடுகள் அதைப் பொறுத்து மாறும்.