மதியம் சாப்பிட்டது ராத்திரி வரை வயிற்றிலேயே இருந்தால்

கேள்வி: அம்மாவுக்கு வயது 64, சர்க்கரை நோய் வந்து 15 வருடம் ஆகிறது. நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்கிறார், அப்புறம் உப்புசம், ஏப்பம். சில நாள் மதியச் சாப்பாடு ராத்திரி வாந்தியில் அப்படியே வருகிறது. மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கித் தருகிறோம், பலனில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த வாந்தி விஷயத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்; தேங்கி நிற்கும் சாப்பாட்டை அது நகர்த்தாது. பல வருடச் சர்க்கரையில் இரைப்பையை இயக்கும் நரம்பு பழுதாகி, உணவு குடலுக்கு இறங்காமல் மணிக்கணக்கில் கிடக்கும். இதை காஸ்ட்ரோபரேசிஸ் என்போம். ஆனால் இரைப்பையிலிருந்து குடலுக்கு இறங்கும் வழியைப் புண்ணோ கட்டியோ அடைத்தாலும் இதே தொல்லைதான் வரும், அதனால் ஊகிக்காமல் முதலில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பார்த்துவிடுங்கள், இந்த வயதில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. எத்தனை மணி நேரம் பட்டினி, அன்று காலை சர்க்கரை மருந்து வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரையையும் பையில் போட்டு எடுத்துப்போங்கள், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கியது உட்பட (அதைத்தான் எல்லோரும் சொல்ல மறப்பார்கள், வயிற்றைப் புண்ணாக்குவதும் பெரும்பாலும் அதுதான்). சர்க்கரை மருந்துகளில் மெட்ஃபார்மின் சிலருக்கு உப்புசம் தரும், செமாகுளுடைடு ஊசி இரைப்பையையே மெதுவாக்கும். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: ஊசி வேலை செய்யும் நேரத்தில் சாப்பாடு வயிற்றிலேயே நின்றால் சர்க்கரை சட்டென்று இறங்கி, பிறகு எகிறும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன் மாத்திரையை நீங்களாக வாங்கித் தரவும் வேண்டாம், சிலருக்கு அது இதயத் துடிப்பைக் குழப்பும்.

அதுவரை, மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்து, குழைந்த ரசம் சாதம், இட்லி, கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சர்க்கரைக்காரர் என்று தட்டு நிறைய கீரையும் பச்சைக் காய்கறியும் வைப்போமே, இப்போதைக்கு அதைக் குறையுங்கள், நார்ச்சத்தும் எண்ணெயும் இரைப்பையில் இன்னும் தேங்கும். சாப்பிட்டதும் படுக்க வேண்டாம்.

எடை குறைந்தாலோ, சாப்பாடு தொண்டையில் சிக்கினாலோ இந்த வாரமே பாருங்கள். தார் மாதிரி கறுப்பு மலம் போனாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடக்கும்போது மேல்வயிறு இறுகி, வியர்த்து, மூச்சு வாங்கினால் அதையும் கேஸ் என்று நினைத்துவிடாதீர்கள், சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு அப்படியும் வரும். சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே அழைத்துப்போய் ஈசிஜி எடுங்கள்.