கேளுங்க சொல்றோம்: பீரோவுல கிடக்குற வெள்ளிக்கு என்ன விலை?

கேள்வி: மாமியாரோட டிரங்க் பெட்டியில ராஜா தலை, ராணி தலை போட்ட ஒரு ரூபா காசு 20 இருந்துச்சு. கடைக்காரர் மொத்தமா தராசுல கொட்டி, "எல்லாமே பாதி வெள்ளிதாம்மா"னு ஒரே ரேட்டா சொல்றார். குடுத்துடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அவசரப்படாதீங்கம்மா, அவர் சொல்றது பாதி உண்மை, மீதியிலதான் உங்க காசு போகுது. முதல்ல டைனிங் டேபிள்ல ஒரு துணிய விரிச்சு காசையெல்லாம் வருஷவாரியா பிரிச்சு வைங்க. விக்டோரியா, எட்வர்ட், அஞ்சாம் ஜார்ஜ் ரூபா எல்லாம் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அதுல 91.7 சதவீதம் வெள்ளி, ஆக ஒரு காசுல சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம். யுத்த காலத்துல, 1940-லேர்ந்து 1945 வரைக்கும் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபா அதே எடைதான், ஆனா வெள்ளிய பாதியா குறைச்சுட்டாங்க, 5.83 கிராம்தான் தேறும். வருஷம் தேஞ்சு போயிருந்தா காசோட விளிம்ப பாருங்க, பழைய காசுல வெறும் கோடு கோடா இருக்கும், யுத்த கால காசுல விளிம்புக்கு நடுவுல ஒரு பள்ளம் சுத்தி ஓடும். 1947 போட்டு பின்னாடி புலி நடக்குற மாதிரி இருந்தா அது நிக்கல், வெள்ளியே கிடையாது, காந்தத்துல பச்சக்னு ஒட்டும்.

உங்க 20 காசுல பழசு 9, யுத்த காலத்துது 10, புலி 1-னு வச்சுக்குவோம். பழசுல 96 கிராம், மத்ததுல 58 கிராம், மொத்தம் 154 கிராம் சுத்த வெள்ளி. கடைக்காரர் புலிய ஒதுக்கிட்டு மிச்ச 19-யும் பாதி வெள்ளினு போட்டா 111 கிராம்தான் வருது! 43 கிராம் வெள்ளி அங்கயே காணாம போச்சு. அன்னைக்கு கிராம் வெள்ளி என்ன விலையோ அதால பெருக்கிப் பாருங்க, புரியும். தேஞ்ச காசு ஒரு தோலாவுக்கு கொஞ்சம் குறையும், அதனால எடை போட்டுத்தான் கணக்கு போடணும், கடைக்காரரும் உருக்குற செலவு, லாபம்னு கொஞ்சம் பிடிப்பார், அது நியாயம்தான்.

இதெல்லாம் வெறும் வெள்ளி விலை, சேகரிக்கிறவங்க குடுக்குற விலை வேற. 1911 போட்ட அஞ்சாம் ஜார்ஜ் ரூபா இருந்தா தனியா எடுத்து வைங்க, ராஜாவோட அங்கியில இருந்த குட்டி யானை பாக்க பன்னி மாதிரி இருக்குனு ஜனங்க கொந்தளிச்சு, அந்த காசுல பெரும்பகுதிய திருப்பி எடுத்து உருக்கிட்டாங்க, அடுத்த வருஷம் தும்பிக்கைய நல்லா தெரியுற மாதிரி மாத்தி அடிச்சாங்க. இதுக்கு வெள்ளி விலைய விட மேலயே கிடைக்கும். ஒண்ணே ஒண்ணு, புளி விபூதினு போட்டு தேச்சுடாதீங்க, பளபளன்னு ஆயிட்டா சேகரிக்கிறவங்க தொட மாட்டாங்க. மாலையில கோக்க வளையம் ஒட்ட வச்ச காசுக்கும் அதே கதிதான்.

கேள்வி: 200 கிராம் கொலுசு, பாப்பாவுக்கு சின்னதாயிடுச்சு, மாத்தப் போனா 60 டச்சுதான்னு சொல்றாங்க. வாங்குன கடையேதான். ஏமாத்துறாங்களா?
– வாசகர், ஈரோடு

பதில்: இப்ப சொல்றது ஒருவேளை உண்மையா இருக்கலாம் சார், விக்கும்போது அதை சொல்லாம விட்டதுதான் பிரச்சனை. 60 டச்னா நூத்துல 60 பங்கு வெள்ளி, 200 கிராம்ல 120. வாங்கும்போது மட்டும் 200 கிராமுக்கும் முழு வெள்ளி ரேட்டு, அதுக்கு மேல செய்கூலி சேதாரம். கொலுசுல கண்ணிக்கு கண்ணி பத்து, அதாவது ஒட்டு வைக்குற உலோகம், வச்சிருப்பாங்க, சலங்கைக்குள்ள முத்து கிடக்கும், இனாமல் கல்லுனு இருந்தா அதுவும் எடைதான், அதனால டச் இறங்குறது சகஜம்.

டச் பாக்குற மெஷின்ல வச்சு காட்டுனா மட்டும் திருப்தி ஆகாதீங்க, அது மேல் பரப்பை மட்டும்தான் படிக்கும், மெருகு போட்ட நகைல கூடவும் காட்டும், பத்து இருக்குற இடத்துல வச்சா குறையவும் காட்டும். கண்ணு முன்னாடி உருக்கி, அந்த கட்டியில டச் பாக்க சொல்லுங்க. உருக்குனா திரும்ப கொலுசாகாது, அதனால ரெண்டு மூணு கடையில ரேட்டு கேட்டுட்டு அப்புறமா உருக்குங்க. பழைய பில்லுல டச் எழுதியிருக்கானு தேடிப் பாருங்க, இருந்தா அதை வச்சு நீங்க சண்டையே போடலாம்.

அடுத்த தடவை 925, அதாவது 92.5 சதவீதம் வெள்ளினு சொல்ற ஹால்மார்க் முத்திரை பாத்து வாங்குங்க. 2025 செப்டம்பர்லேர்ந்து வெள்ளிக்கும் ஹெச்யூஐடிங்கிற ஆறெழுத்து நம்பர், ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாளம், வந்திருக்கு, ஹால்மார்க்கை கவனிக்கிற அரசு அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டு பாக்கலாம், ஆனா கடைக்காரருக்கு அது கட்டாயம் இல்ல, நீங்கதான் கேக்கணும்.

கேள்வி: 1818 போட்டு ஈஸ்ட் இந்தியா கம்பெனினு எழுதின ராமர் லட்சுமணர் காசு எங்கிட்ட இருக்கு. பல லட்சம் தர்றேன்னு ஒருத்தர் போன் பண்றார், அதுக்கு முன்னாடி பதிவு கட்டணம் கட்டணுமாம்.
– வாசகர், விருதுநகர்

பதில்: அந்த போனை பிளாக் பண்ணுங்க மொதல்ல. கம்பெனி அப்படி ஒரு காசை புழக்கத்துக்கு அடிக்கவே இல்ல, அது யாரோ பிற்பாடு அடிச்ச டோக்கன், சாமி ரூம்ல வச்சு கும்பிடலாம் தாராளமா. பழைய காசு வாங்குறோம், கட்டணம் கட்டுங்க, வரி கட்டுங்கனு ரிசர்வ் வங்கி பேர சொல்லி நடக்குற மோசடி பத்தி அந்த வங்கியே 2021-ல எச்சரிச்சிருக்கு, நாங்க இந்த வியாபாரமே பண்றதில்லனு.

கேள்வி: 1969-ல வந்த காந்தி படம் போட்ட 10 ரூபா காசு வெள்ளியா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஆமா, 15 கிராம், அதுல 80 சதவீதம், ஆக 12 கிராம் வெள்ளி. நெறைய பேர் வீட்ல பத்திரமா வச்சிருக்குற காசு இது, அதனால அபூர்வம்னு யாரும் பெரிசா தர மாட்டாங்க, 12 கிராமுக்கு என்ன விலையோ அத கேளுங்க. 1972-ல வந்த 10 ரூபா இத விட பெருசு, 22.5 கிராம், ஆனா பாதிதான் வெள்ளி, 11.25 கிராம். பெருசா இருக்கேன்னு அதுக்கு கூட விலை குடுத்துடாதீங்க.