வீட்டுக்கு விலை பேசும் முன்

கேள்வி: எனக்கு வயது 52. திருச்சியில் தனியார் வேலை. மனைவிக்கு 48 வயது. நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. கீமோ மட்டும் என்றால் செலவைச் சமாளித்துவிடலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசியும் சேர்த்தால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 2.2 லட்சம் ஆகும் என்கிறார்கள். டெபாசிட் 14 லட்சம், கம்பெனி காப்பீடு 5 லட்சம், நகை 40 பவுன், கடனில்லாத வீடு. மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. வீட்டை விற்று, வேலையையும் விட்டுவிட்டு மனைவி கூடவே இருக்கலாமா? செலவு விவரம் எதையும் அவளிடம் சொல்லவில்லை.

பதில்: மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி என்றால் வருடத்துக்கு 17 ஊசி, 37 லட்சத்துக்கு மேல். உங்கள் டெபாசிட்டும் காப்பீடும் எட்டு ஊசியோடு, ஆறு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். வீட்டை விற்கத் தோன்றுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.

கட்டிக்கு மாத்திரை பொருந்துமா என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணுச் சோதனைகளும், இம்யூனோதெரபி எந்த அளவுக்குப் பலன் தரலாம் என்று காட்டும் பி.டி.எல்.1 சோதனையும் எடுத்தாகிவிட்டதா? இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தால் பெரும்பாலும் மாத்திரைதான் முதல் சிகிச்சை. ஜெனரிக்கில் மாதம் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் மாத்திரையும் உண்டு, கணக்கே மாறிவிடும். ஊசிதான் வழி என்றால், எத்தனை ஊசிக்கு அப்புறம் ஸ்கேன் எடுப்பார், பலன் தெரியாவிட்டால் நிறுத்துவாரா என்று கேளுங்கள். முதலில் அந்த ஸ்கேன் வரைக்கும் மட்டும் பணம் ஒதுக்குங்கள். சில மருந்து நிறுவனங்கள் குறிப்பிட்ட டோஸ் வாங்கியபின் மீதியை இலவசமாகத் தருகின்றன, மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம். அடையாறு புற்றுநோய் மையம் போன்ற ஓர் இடத்தில் இரண்டாவது கருத்தும் கேளுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் சலுகை உண்டு.

வேலையை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். வேலை போனால் கம்பெனி காப்பீடும் போய்விடும். இந்த நிலையில் உங்கள் மனைவிக்குப் புது பாலிசி கிடைப்பது மிகவும் கடினம். விடுப்பு கேளுங்கள். இம்யூனோதெரபிக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று எச்.ஆரிடம் பாலிசி நகல் வாங்கிப் பாருங்கள். அவசரத்துக்கு பி.எஃப். முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

வலி, மூச்சுத்திணறல் தணிக்கும் பாலியேட்டிவ் சிகிச்சையைக் கடைசிக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். 2010-ல் வெளியான பாஸ்டன் ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கு ஆரம்பத்திலிருந்தே இதையும் சேர்த்துப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். நம்மூரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதை வீட்டுக்கே வந்து செய்கிறார்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரும் உங்களைப் போலத்தான் மறைத்தார். துணி துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்த வளையல் அடகுச் சீட்டு மனைவி கையில் கிடைத்தது. அந்த மனைவி பணத்துக்காக அழவில்லை. "என் உடம்பைப் பற்றி என்னைக் கேட்காமலே முடிவு பண்றீங்களா?" என்றார். அப்புறம் இருவரும் கணக்கு நோட்டை விரித்து உட்கார்ந்தார்கள். உங்கள் மனைவிக்கு எது வேண்டும், எவ்வளவு மருத்துவமனை வாசம் தாங்கும் என்று அவர்தான் சொல்ல முடியும். வீடும் நகையும் அவருடையதும்தானே. நாமினி, கூட்டுக் கணக்கு வேலைகளையும் அவர் தெம்பாக இருக்கும்போதே சேர்ந்து முடியுங்கள்.

மகளின் மீதிப் படிப்புக்கான கட்டணத்தை இந்த வாரமே தனி டெபாசிட்டாகப் பிரித்துவிட்டு, அதை அவளிடமும் சொல்லுங்கள்.