இசக்கியம்மாள் என்றால் இங்கிலீஷ் வராதா?

கேள்வி: இன்ஜினீயரிங் முடித்துவிட்டு சென்னையில் வேலை தேடுகிறேன். என் பெயர் இசக்கியம்மாள். இன்டர்வியூவில் பயோடேட்டாவைப் பார்த்ததுமே, "இங்கிலீஷ் பேச வருமாம்மா?" என்று கேட்டார்கள். எனக்கு நன்றாகவே வரும். கூட வந்த வேறு யாரையும் அப்படிக் கேட்கவில்லை. கெஜட்டில் பெயரை மாற்றப்போகிறேன் என்றதிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன செய்யட்டும் அக்கா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அன்புத் தங்கச்சி, திறமை இருந்தால் பெயரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பார்க்கத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் சுமார் 5,000 பயோடேட்டாக்களை வேலைக்கு அனுப்பிச் சோதித்தார்கள். தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. வெள்ளையர் பெயர்களுக்குக் கறுப்பினத்தவர் பெயர்களைவிட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது என்று 2004-ல் எழுதினார்கள். நம் நாட்டில் சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே மாதிரி சோதித்து, தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவதை 2007-ல் வெளியிட்டார்கள். உனக்கு நடந்தது அநியாயம்தான், உன் பிரமை இல்லை.

இதே பெயரை நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பார். ஒரே வகுப்பில் மூன்று இசக்கி எழுந்து நிற்பார்கள், வாத்தியார் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவார். கையில் பிள்ளையோடு நிற்கிற அம்மன் இசக்கி. பிள்ளை வரம் கேட்டு அவள் கோவிலில் தொட்டில் கட்டியவர்கள் ஆசையாக வைக்கிற பெயர் இது. உன் வீட்டிலும் அப்படி ஒரு நேர்ச்சை இருந்திருக்கலாம். அப்பாவிடம் முதலில் அதைக் கேள். சண்டை போடுவதெல்லாம் அப்புறம்.

சென்னைக்காரருக்கு இந்தப் பெயருள்ள ஆளைத் தெரியாது. ஆள் தெரியாத இடத்தில்தான் பெயரை வைத்துக் கற்பனை பண்ணுகிறார்கள். அதனால் வெறும் பயோடேட்டாவை மட்டும் நம்பாதே. கம்பெனிகளில் இருக்கும் உன் காலேஜ் சீனியர்களிடம் சொல்லி, அவர்கள் மூலமாக விண்ணப்பம் போடு. "இந்தப் பொண்ணு நல்லா வேலை செய்வா" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டால், பெயரை வைத்து எடை போடுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

உனக்கே பெயர் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாற்று, தப்பே இல்லை. ஆனால் பழைய பெயரில் இருக்கிற சர்டிபிகேட்டை நீட்டும்போதெல்லாம் கெஜட் நகலையும் காட்ட வேண்டியிருக்கும். ஆதார், பான், பேங்க் பாஸ்புக் என்று அலைச்சல் வேறு. உன்னைத் தெரியாத நாலு பேருக்காக இதையெல்லாம் செய்யாதே என்பதுதான் என் அபிப்பிராயம். அடுத்த தடவை யாராவது அதே கேள்வியைக் கேட்டால், "வரும்" என்பதை இங்கிலீஷிலேயே சொல்லிவிட்டு, நீ செய்த புராஜெக்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடு.