வாக்குரிமை கிடைக்கும் முன்பே வான்கூவர் நகரத் தேர்தலில் இறங்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

திருப்பூரிலிருந்து வந்து இங்கே ஒரு ஹோட்டலின் சமையற்கூடத்தில் சேர்ந்திருக்கும் உங்களிடம், நகரத் தேர்தலில் போட்டியிடும் ‘கோப்’ (COPE) என்ற இடதுசாரி அமைப்பின் வேட்பாளர்களுக்காக வீடு வீடாகப் போவதற்கு ஆள் வேண்டும் என்று உங்கள் சங்கப் பிரதிநிதி கேட்டிருக்கிறார். நிரந்தர வசிப்புரிமை மட்டுமே உள்ள, வாக்கே இல்லாத ஒருவர் இதில் இறங்கலாமா, பின்னால் குடியுரிமைக்கு இடையூறு வருமா, உண்மையில் இந்த அமைப்பு யாருடையது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். இறங்கலாம் என்பது மட்டுமல்ல, இறங்க வேண்டும் என்பதே என் எண்ணம். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

குடியுரிமை பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஐந்தாண்டுகளுக்குள் 1,095 நாள்கள் கனடாவில் இருந்தீர்களா, வரிக் கணக்கு சரியாக உள்ளதா, மொழித்திறனும் தேர்வும் எப்படி, குற்ற வழக்கு ஏதும் உண்டா என்பவைதான் விண்ணப்பத்தில் பார்க்கப்படும். சட்டப்படி இயங்கும் ஒரு நகரக் கட்சிக்காகத் துண்டறிக்கை கொடுத்தீர்கள் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. சங்கம் கேட்டதற்காகப் போயே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; மறுத்தால் உங்கள் வேலையோ சங்க உரிமையோ குறையாது.

இனி அமைப்பைப் பற்றி. நம் ஊரில் கட்சி முதலில் பிறக்கும், பிறகு அது தனக்கென ஒரு தொழிற்சங்கத்தை அமைத்துக்கொள்ளும். தி.மு.க.வுக்குத் தொ.மு.ச., அ.தி.மு.க.வுக்கு அண்ணா தொழிற்சங்கம் என்று பின்னலாடை ஆலைகளின் வாசலில் பல நிறக் கொடிக் கம்பங்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, இங்கே நடந்தது தலைகீழாகத் தோன்றும். பல தொழில்களின் சங்கங்கள் கூடும் வான்கூவர் வட்டாரத் தொழிற்சங்க மன்றம் முன்னின்று, வாடகைதாரர்களையும் இடதுசாரிகளையும் சேர்த்து, 1968-இல் கோப் அமைப்பைத் தோற்றுவித்தது. கம்யூனிஸ்ட் கட்சியினரும் அதில் இருந்தனர். அதை யாரும் மறைத்ததில்லை. இந்த அமைப்பு வான்கூவர் நகர எல்லைக்குள் மட்டுமே போட்டியிடுகிறது. மாகாணத் தேர்தலிலோ நாடாளுமன்றத் தேர்தலிலோ அதன் பெயரை வாக்குச்சீட்டில் காண முடியாது. மாகாண, தேசிய அளவில் இயங்கும் புதிய ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர்கள் பலர் இதில் இருந்தாலும், இது அக்கட்சியின் கிளை அன்று.

எதிர்த்தரப்பின் வரலாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் அது தெரியாமல் கோப் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்காது. 1935-இல் நடந்த பொது வாக்கெடுப்பால் இந்நகரில் வார்டு முறை ஒழிக்கப்பட்டது. இடதுசாரியான சி.சி.எஃப். கட்சி நகர மன்றத்துக்குள் நுழையத் தொடங்கியதும், அதைத் தடுப்பதற்காக 1937-இல் வணிகர்களும் வசதி படைத்தவர்களும் என்.பி.ஏ. என்ற அமைப்பை உருவாக்கினார்கள். கட்சி சார்பற்றவர்கள் என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர்களே அடுத்த பல பத்தாண்டுகளில் பெரும்பகுதி இந்நகரை ஆண்டார்கள்.

வார்டு இல்லை என்பதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். திருப்பூர் மாநகராட்சியில் 60 வார்டுகள். உங்கள் தெருவில் சாக்கடை அடைத்தால் எந்தக் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று உங்களுக்குத் தெரியும். வான்கூவரில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு ஒரு மேயரும் பத்துக் கவுன்சிலர்களும்தான், அந்தப் பத்துப் பேரையும் நகரம் முழுவதும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கிறது. மேயரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்களோடு பூங்கா வாரியத்துக்கு ஏழு பேர், பள்ளி வாரியத்துக்கு ஒன்பது பேர் என ஒரே நாளில் வாக்காளர் 27 இடங்களுக்குக் குறியிட வேண்டும். 2018-இல் 158 வேட்பாளர்களின் பெயர்கள் அகரவரிசைகூட இல்லாமல் குலுக்கல் முறையில் அச்சிடப்பட்டிருந்தன. நகரம் முழுவதும் விளம்பரம் செய்யப் பணமுள்ளவருக்கும், முன்பே பெயர் பரவியவருக்கும் இந்த முறை சாதகமாகிறது. கிங்ஸ்வே சாலையோரத்துப் பழைய அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு தொழிலாளி, தன் அண்டை அயலாரின் வாக்கை மட்டும் நம்பி இங்கே வெல்ல முடியாது. கோப் வார்டு முறையை மீட்கப் பல்லாண்டுகள் போராடியது. 2004-இல் மீண்டும் பொது வாக்கெடுப்பு நடந்தபோது மக்கள் அதை ஏற்கவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம் தரும் முடிவு.

இந்த முறைக்குள்ளேயும் கோப் அமைப்பினர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். 1966-இலேயே கவுன்சிலராகிவிட்ட வழக்கறிஞர் ஹாரி ராங்கின், ஏழைகளுக்காக நீதிமன்றத்திலும் நகர மன்றத்திலும் வாதாடியவர். கோப் அமைப்பின் முகமாக நெடுங்காலம் விளங்கினார். நகரின் மிக வறிய பகுதியான டவுன்டவுன் ஈஸ்ட்சைடில், 1973-இல் தொடங்கிய குடியிருப்போர் சங்கத்திலிருந்து புரூஸ் எரிக்சன், லிப்பி டேவிஸ் ஆகியோர் 1980-களில் கோப் கவுன்சிலர்களாக வந்தார்கள். மெயின் தெருவும் ஹேஸ்டிங்ஸ் தெருவும் சந்திக்கும் முனையில் கைவிடப்பட்டுக் கிடந்த கார்னகி நூலகக் கட்டடத்தை மக்கள் மையமாகத் திறக்க வேண்டும் என்று போராடியவர்கள் அவர்கள்; 1980-இல் அது திறக்கப்பட்டது. ஒரு விடுமுறை நாளில் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். மலிவு விலையில் சாப்பாடும், மேசை நிறையப் புத்தகங்களும், வீடில்லாதவர்கள் தலை நிமிர்ந்து உட்கார ஓர் இடமும் அங்கே இருப்பதைக் கண்டால், நகர மன்றத்தில் சிலருடைய குரல் என்ன செய்யும் என்பது புரியும்.

கோப்பின் பெரிய வெற்றியும் பெரிய சறுக்கலும் அடுத்தடுத்தே வந்தன. 2002-இல் முன்னாள் மரண விசாரணை அதிகாரி லாரி கேம்ப்பெல் மேயராக வெல்ல, பத்துக் கவுன்சிலர் இடங்களில் எட்டை கோப் பிடித்தது. போதைக்கு அடிமையானவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் ‘இன்சைட்’ மையம் 2003-இல் திறக்கப்பட்டது; வட அமெரிக்காவில் அரசு அனுமதியோடு திறந்த முதல் மையம் அது. ஆனால் விமான நிலைய ரயில் பாதை, ஹேஸ்டிங்ஸ் பூங்காவில் சூதாட்ட எந்திரங்கள் போன்றவற்றில் கருத்து வேறுபட்டு, மேயரும் சில கவுன்சிலர்களும் ஒருபுறமும் மற்றவர்கள் மறுபுறமும் நின்றார்கள். விலகியவர்கள் 2005-இல் விஷன் வான்கூவர் கட்சியை அமைத்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் கோப் ஒரே கவுன்சிலரோடு நின்றது, 2011-இல் ஒருவர்கூட வெல்லவில்லை. 2014-இல் ஒன்சிட்டி என்ற இன்னொரு கட்சியும் இவர்களிடமிருந்து பிரிந்தவர்களால் உருவானது. கொள்கைக்காக நின்றவர்களை நான் மதிக்கிறேன். ஆயினும், எட்டு இடங்களைக் கொடுத்த வாடகைதாரர்களும் தொழிலாளர்களும் மூன்றே ஆண்டுகளில் கைவிடப்பட்டதாக உணர்ந்தார்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொழிற்சங்க மன்றத்தின் இன்றைய முதன்மையான பணி இந்த இடத்தில்தான் இருக்கிறது. முற்போக்குக் கட்சிகள் மூன்று, ஒவ்வொன்றும் பத்துப் பேரை நிறுத்தினால், முப்பது பேர் ஒரே ஆதரவாளர்களின் வாக்குகளைப் பங்கிட்டுக்கொண்டு எல்லோரும் தோற்பார்கள். ஆகவே யார் எத்தனை பேரை நிறுத்துவது என்று பேசி முடிக்கவும், பல கட்சிகளிலிருந்து தெரிந்தெடுத்து ஒரே பரிந்துரைப் பட்டியலை உறுப்பினர்களுக்கு அனுப்பவும் மன்றம் முயல்கிறது. 2018-இல் அவ்வாறு பேசியதும் ஒரு காரணமாக, பல்லாண்டுகள் வறுமை ஒழிப்புக்காக உழைத்த ஜீன் ஸ்வான்சன் கோப் சார்பில் கவுன்சிலரானார். 2022-இல் கென் சிம் தலைமையிலான ஏபிசி கட்சி மேயர் பதவியையும் ஏழு கவுன்சிலர் இடங்களையும் வென்றபோது கோப்புக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 5 அன்று இரண்டு காலியிடங்களுக்கு நடந்த இடைத்தேர்தலில், நீண்ட வரிசைகளில் மக்கள் காத்து நின்று, கோப்பின் ஷான் ஓர், ஒன்சிட்டியின் லூசி மலோனி ஆகியோரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளும் ஏபிசியின் இருவரும் தோற்றார்கள். அடுத்த பொதுத் தேர்தல் 2026 அக்டோபர் 17.

சங்க ஆதரவு என்றால் சங்கப் பணம் என்று நீங்கள் நினைத்திருப்பது இப்போது பொருந்தாது. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் உள்ளாட்சித் தேர்தலுக்கு நன்கொடை கொடுப்பதை பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2017-இல் தடைசெய்தது. தனி மனிதர் கொடுப்பதற்கும் ஆண்டு உச்சவரம்பு விதித்தது. அதுவரை மனை வணிகர்கள் கொட்டிய தொகைக்கு முன்னால் சங்கங்களின் தொகை எப்போதுமே சிறியதாக இருந்ததால், இந்தத் தடையை நான் மனமார வரவேற்கிறேன். ஆக, இன்று ஒரு சங்கம் கொடுக்கக்கூடியது தன் உறுப்பினர்களிடம் பேசும் குரலும், ஊதியமின்றி வந்து கதவைத் தட்டும் மனிதர்களும்தான். அப்படி ஊதியமின்றி உழைப்பது நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும்: வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும், ஆனால் நன்கொடை கொடுக்க இம்மாகாணத்தில் வசிக்கும் நிரந்தர வசிப்புரிமையாளருக்கும் சட்டம் இடம் தருகிறது. பணம் வாங்கிக்கொள்வார்கள், வாக்கு மட்டும் தர மாட்டார்கள் என்பது நியாயமாகாது. நிரந்தர வசிப்புரிமையாளருக்கும் நகரத் தேர்தலில் வாக்குரிமை வேண்டும் என்று 2018-இல் நகர மன்றமே மாகாண அரசைக் கேட்டுக்கொண்டது, மாகாணம் இன்னும் சட்டத்தை மாற்றவில்லை. தெற்காசியர்களுக்கும் சீனர்களுக்கும் 1947-இல்தான் இம்மாகாணத்தில் வாக்குரிமை கிடைத்தது என்பதை நினைத்தால், இதுவும் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றே.

கதவைத் தட்டும்போது எதையெல்லாம் வாக்குறுதியாகச் சொல்லலாம் என்பதில் கவனமாக இருங்கள். ஆண்டுதோறும் வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை மாகாணம் தீர்மானிக்கிறது. ஒருவர் காலி செய்தபின் அடுத்தவரிடம் வீட்டுக்காரர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதும் மாகாணச் சட்டமே. ஸ்வான்சன் போன்றோரின் முயற்சியால், ஏழைகள் தங்கும் ஒற்றை அறை விடுதிகளுக்காவது அந்த உயர்வைத் தடுக்க நகர மன்றம் 2021-இல் விதி செய்தது. நகரத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் 2022-இல் அதை நீக்கிவிட்டது. நகரத்தின் கையில் இருப்பவை வேறு: எங்கே எவ்வளவு உயரம் கட்டலாம், இடிக்கப்படும் கட்டடத்தின் வாடகைதாரருக்கு என்ன இழப்பீடு, நகரத்தின் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கும் காவலாளிக்கும் என்ன கூலி என்பவை. வாழ்வதற்குப் போதுமான கூலி தரும் முதலாளியாக இருப்பதாக 2017-இல் ஏற்ற இந்நகரம், 2023-இல் அதைக் கைவிட்டது. உங்களைப் போன்ற ஹோட்டல் தொழிலாளிக்கு இது எளிதில் விளங்கும், விளங்கவைக்கவும் முடியும். புதிய அடுக்கக் கோபுரங்களின் மேல் கோப் கொள்ளும் ஐயத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, வீடுகள் பெருகாமல் வாடகை இறங்காது என்றே நான் கருதுகிறேன். ஆனால் இடிப்பதற்கு முன் குடியிருப்போருக்கு வழி சொல் என்று மன்றத்தில் விடாமல் கேட்பவர்கள் அவர்களே.

நடைமுறை பற்றிச் சில சொற்கள். முதல் நாள் உங்களைப் பழகிய ஒருவரோடு இணைத்து அனுப்புவார்கள். அவரோடு போய், ஆதரவா, மறுப்பா, முடிவெடுக்கவில்லையா என்று பட்டியலில் குறிக்க வேண்டும், வாதிட்டு வெல்ல வேண்டியதில்லை. அடுக்ககத்துக்குள் போகும்போது படத்துடன் கூடிய அடையாளச் சான்றும், வேட்பாளர் தந்த அங்கீகாரக் கடிதமும் கையில் இருக்கட்டும். கிழக்கு வான்கூவரின் தனி வீடுகளில் முன்கதவோடு திரும்பிவிடாதீர்கள். பேஸ்மென்டில் குடியிருப்போருக்குப் பக்கவாட்டில் தனிக் கதவு இருக்கும், அவர்களிடம் எந்தக் கட்சியும் எளிதில் போவதில்லை. பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், தகுதியுள்ளவர்கள் உரிய சான்றுகளோடு வந்தால் வாக்குச்சாவடியிலேயே பதிவு செய்துகொண்டு வாக்களிக்கலாம் என்பதையும், நகரின் எந்தச் சாவடிக்கும் போகலாம் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். 2022-இல் பத்தில் நான்கு பேர்கூட வாக்களிக்காத ஊர் இது. காசோ பரிசோ கொடுப்பதும் வாங்குவதும் இங்கே குற்றம், விளையாட்டுக்குக்கூட அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

வாக்குப்பதிவு சனிக்கிழமை காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை நடக்கும். உங்கள் சமையற்கூடத்தில் வார இறுதி வேலை நேரத்தை முன்கூட்டியே ஒதுக்குவார்கள் என்பதால், அன்று மாலை விடுப்பு வேண்டும் என்பதை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆதரவாளர்களை நினைவூட்டி அனுப்பும் கடைசி மூன்று மணி நேரத்தில்தான் ஆள் போதாமல் இருக்கும்.