கப்பல் தளம் மீளலாம். உங்கள் பங்கு மீளுமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் கப்பல் கட்டும் நிறுவனத்தின் 4,000 பங்குகளைச் சராசரியாக 48 ரூபாய் விலையில் வாங்கினேன். நிறுவனம் கடனில் மூழ்கி இப்போது திவால் வழக்கில் இருக்கிறது. பங்கு விலை 3 ரூபாய்க்கு வந்துவிட்டது. வேறொரு குழுமம் அதை எடுத்து நடத்தப் போவதாகச் சொல்கிறார்கள். மத்திய அரசும் இந்தத் தொழிலுக்குப் பெருந்தொகை ஒதுக்கியிருக்கிறது. பிபாவாவ் கப்பல் தளத்தின் பங்கு மறுபடி சந்தைக்கு வந்ததும் நாள்தோறும் ஏறியதைக் காட்டி, முதிர்ந்த வைப்பு நிதியிலிருந்து 1,20,000 ரூபாய் எடுத்து இன்னும் 40,000 பங்குகள் வாங்கிச் சராசரியைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறான் என் தம்பி. இந்த ஆண்டு மியூச்சுவல் ஃபண்டு விற்றதில் கொஞ்சம் லாபமும் வந்தது. அதையும் சேர்த்துப் போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வைப்பு நிதியையும் தொட வேண்டாம், ஃபண்டு லாபத்தையும் இதில் போட வேண்டாம். இத்துடன் நிறுத்திக்கொண்டால் உங்கள் தம்பி ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் காட்டும் உதாரணம் உண்மையானது என்பதால் அதையே முழுதாகப் பார்த்துவிடுவோம்.

குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள பிபாவாவ் தளம் 2009-இல் பொதுப் பங்கு வெளியிட்டபோது ஒரு பங்கின் விலை 58 ரூபாய். 662 மீட்டர் நீளமும் 65 மீட்டர் அகலமும் கொண்ட அதன் உலர்துறைக்கு (தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பல் கட்டும் தொட்டி) நிகரானவை நாட்டில் மிகச் சிலவே. 2015-இல் அனில் அம்பானி குழுமம் அந்த நிறுவனத்தை வாங்க வந்தபோது, சட்டப்படி பொதுப் பங்குதாரர்களுக்கும் பங்குக்கு 66 ரூபாய் தர முன்வந்தது. அன்று விற்று வெளியேறியவர்கள் போட்ட பணத்தை மீட்டார்கள். பெரிய கை வந்துவிட்டது, இனி ஏற்றந்தான் என்று நம்பி வைத்துக்கொண்டவர்கள்தாம் மாட்டிக்கொண்டார்கள். 2020 ஜனவரியில் ஐடிபிஐ வங்கியின் மனுவை ஏற்றுத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதைத் திவால் நடவடிக்கைக்குள் கொண்டுவந்தது. 12,000 கோடி ரூபாயைத் தாண்டிய கடனுக்கு எதிராகச் சுமார் 2,100 கோடி ரூபாய்க்கான தீர்வுத் திட்டத்தை, அதாவது நிறுவனத்தை எடுத்து நடத்தி கடன்காரர்களுக்கு இவ்வளவு தருகிறோம் என்ற திட்டத்தை, ஸ்வான் எனர்ஜி சார்ந்த கூட்டணி முன்வைக்க, 2022 டிசம்பரில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

அடுத்து நடந்ததைத்தான் உங்கள் தம்பி சொல்லாமல் விட்டிருக்கிறார். அந்தத் திட்டப்படி பழைய பங்குகள் 275-க்கு ஒன்று என்ற கணக்கில் சுருக்கப்பட்டன. வெளியீட்டில் 275 பங்குகளை 15,950 ரூபாய் கொடுத்து வாங்கியவரின் டீமேட் கணக்கில் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பங்கு. ஸ்வான் டிஃபென்ஸ் என்ற புதிய பெயரில் 2025 ஜனவரியில் அந்தப் பங்கு மீண்டும் பட்டியலாகி, தினமும் அப்பர் சர்க்யூட்டில், அதாவது ஒரே நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்புவரை, ஏறியது உண்மைதான். ஆனால் அந்தப் பழைய முதலீட்டாளர் போட்ட பணத்தை மட்டும் திரும்ப எடுக்கவே அந்த ஒற்றைப் பங்கு 15,950 ரூபாய்க்குப் போயாக வேண்டும். விலைப் படத்தில் தெரியும் ஏற்றம் புதிதாக வந்தவர்களுக்கு உரியது.

அந்த ஏற்றத்துக்கும் தனிக் காரணம் உண்டு. திட்டம் நிறைவேறிய பின் மொத்தப் பங்குகளில் ஏறத்தாழ 95 சதவீதம் புதிய உரிமையாளரிடம் இருந்தது. சந்தையில் கைமாறக்கூடியவை மீதி 5 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டன. விற்பவர் இல்லாத சந்தையில் நாலு பேர் வாங்க நின்றாலே விலை பறக்கும்; தளத்தில் வேலை நடக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு. திவால் வழியே மீண்ட நிறுவனங்கள் பொதுமக்கள் பங்கை ஓராண்டுக்குள் 10 சதவீதமாகவும் மூன்றாண்டுக்குள் 25 சதவீதமாகவும் உயர்த்த வேண்டும் என்பது விதி என்பதால், பிறகு சந்தைக்குக் கூடுதல் பங்குகள் வந்தே தீரும் என்பதையும் அன்று வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்களோ!

இனி உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4,000 பங்குகளுக்கு நீங்கள் கொடுத்தது 1,92,000 ரூபாய். தம்பி சொல்கிறபடி 40,000 பங்குகள் சேர்த்தால் சராசரி 7 ரூபாய் சொச்சத்துக்கு இறங்கும். ஏழு ரூபாய்க்கு வந்தாலே தப்பித்துவிடலாம் என்று தோன்றும். அதே 275-க்கு ஒன்று என்ற கணக்கு உங்கள் நிறுவனத்துக்கும் வந்தால் 44,000 பங்குகள் 160 ஆகிவிடும். போட்ட 3,12,000 ரூபாயை எடுக்க ஒவ்வொன்றும் 1,950 ரூபாய்க்கு விற்க வேண்டும். இது தாராளமான அனுமானம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல்-இன் திவால் வழக்கில் 2021-இல் பங்குதாரர்களுக்கு ஒரு பைசாகூடத் தராமல் பங்குகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கடைசி வாரம்வரை அதையும் மலிவு என்று வாங்கியவர்கள் ஏராளம்.

சட்டத்தில் உங்கள் இடம் எது என்று தெரிந்தால் இது வியப்பாக இருக்காது. நிறுவனம் கலைக்கப்பட்டால் வரும் பணத்தில் முதலில் திவால் நடவடிக்கைக்கான செலவு, பிறகு தொழிலாளர்களின் நிலுவையும் அடமானம் பெற்ற வங்கிகளும், அப்புறம் மற்ற ஊழியர்கள், மற்ற கடன்காரர்கள், அரசு என்று நீண்டு, சாதாரணப் பங்குதாரர் வரிசையின் கடைசியில் நிற்கிறார். தீர்வுத் திட்டத்திலும் அவருக்கு எவ்வளவு என்பதை இந்த வரிசைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. பிபாவாவில் முன்வரிசையில் நின்ற வங்கிகளுக்கே ஆறில் ஒரு பங்குதான் தேறியது. கடற்கரை நிலமே பல நூறு கோடி பெறுமே என்று சிலர் சொல்வார்கள். அந்த நிலம் பல இடங்களில் அரசின் கடல்சார் வாரியத்திடம் பெற்ற குத்தகை, மிச்சம் வங்கியின் அடமானத்தில் இருக்கும்.

கப்பல் தளம் ஏன் இவ்வளவு சிரமப்பட்டு மீள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கப்பலுக்கான பணம் மொத்தமாக வருவதில்லை. எஃகு வெட்டத் தொடங்கும்போது, அடிக்கட்டை அமைக்கும்போது, நீரில் இறக்கும்போது, ஒப்படைக்கும்போது என்று தவணை தவணையாக வரும். அந்த முன்பணத்துக்கு வாங்குபவர் வங்கி உத்தரவாதம் கேட்பார். கடனில் இருக்கும் தளத்துக்கு எந்த வங்கி உத்தரவாதம் தரும்? உத்தரவாதம் இல்லையேல் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லையேல் கடன் அடையாது. தேர்ந்த வெல்டர்களும் வேறு தளம் பார்த்துப் போய்விடுவார்கள். 2011-இல் கடற்படைக்கு ஐந்து ரோந்துக் கப்பல்கள் கட்டும் ஒப்பந்தம் பிபாவாவுக்குக் கிடைத்தது. அவற்றில் இரண்டு 2017-இல் நீரில் இறக்கப்பட்டன, ஒன்றுகூட ஒப்படைக்கப்படவில்லை, தாமதத்துக்காகக் கடற்படை வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கிக்கொண்டது, ஒப்பந்தமும் பின்னர் ரத்தானது. எனவே 'ஆர்டர் வந்துவிட்டது' என்ற அறிவிப்பைவிட, ஒப்படைத்த கப்பல்கள் எத்தனை, உத்தரவாதம் தந்த வங்கி எது என்ற விவரமே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 69,725 கோடி ரூபாய்த் திட்டம் நல்ல திட்டம்தான். உலகக் கப்பல் கட்டுமானத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்கு வைத்திருக்கும் நாட்டுக்கு அது தேவையும்கூட. ஆனால் உதவித்தொகை கட்டப்படும் கப்பலுக்குக் கிடைப்பது. அதனால் பயனடைபவர் அன்றைக்குத் தளத்தை நடத்துகிறவர். பழைய பங்குதாரரின் பெயர் அதில் எங்கும் வராது. கப்பல் கட்டும் நிறுவனங்களான சூரத்தின் ஏபிஜி ஷிப்யார்டும் பாரதி டிஃபென்ஸும் 2019-இலேயே கலைப்புக்குப் போய்விட்டன. பாரதியின் துணை நிறுவனமாக இருந்த டெப்மாவைக் கொச்சி கப்பல் தளம் திவால் வழியே வாங்கி, இன்று உடுப்பியில் நன்றாகவே நடத்துகிறது. டெப்மாவின் தளம் பிழைத்தது, தாய் நிறுவனமான பாரதியின் பங்கை வைத்திருந்தவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

கையிலுள்ள 4,000 பங்குகளை என்ன செய்வது? இன்றைய மதிப்பு 12,000 ரூபாய். வர்த்தகம் நடக்கும்போதே விற்றுவிடுவது நல்லது என்பது என் கருத்து. இத்தகைய பங்குகளைச் சந்தை தனிக் கண்காணிப்பில் வைக்கும், சில கட்டங்களில் வாரத்தில் ஒருநாள்தான் விற்கவே முடியும், தீர்ப்பாயத்தின் ஒப்புதலுக்குப் பிறகு வர்த்தகமே நின்றுபோகலாம். விற்றால் வரும் சுமார் 1,80,000 ரூபாய் நீண்டகால மூலதன நட்டம் உங்களுக்குப் பயன்படும். ஃபண்டில் வந்தது நீண்டகால லாபமாக இருந்தால் அதற்கு எதிராக இதைக் கழித்துக்கொள்ளலாம். மீதியைப் பின்னால் வரும் நீண்டகால லாபத்தில் கழிக்க எட்டு ஆண்டுகள்வரை முன்னெடுத்துச் செல்லலாம், வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால் மட்டும். விற்க மனம் வராமல் வைத்திருந்து, பங்குகள் சுருக்கப்பட்டால், அப்படிச் சுருங்குவதால் ஏற்படும் நட்டத்தையும் கோரலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அந்த வழியில் போக ஆடிட்டர் துணை வேண்டும், செலவும் ஆகும். ஃபண்டை இந்த நிதியாண்டில் விற்றிருப்பதால், பங்கை விற்பதானால் மார்ச் 31-க்குள் விற்றுவிடுங்கள்.